காவிரிக்கு வேண்டிய வாலிபர்கள்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கல்வி நிதியைப் பற்றிய ஆலோசனைக்கு முன் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நமது கல்வி நிதியிலிருந்து இனி எவ்வெப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது என்னும் விஷயம் இன்று பிற்பகல் ஆலோசனைக்கு வரவிருக்கிறது. வைத்தியம், பொறியியல், சட்டம், கணக்கு ஆகியவற்றுக்குக் கொடுத்து வருகிறோம், அது நல்லதே. அவற்றோடு இன்னுமொன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே நான் எழுந்தேன். ஒரே ஆற்றின் நீரைக் கொண்டு வாழும் பல இராஜ்யத்து மக்கள் அவ்வாற்றைத் தம்முட் கூடி நடத்திக்கொள்ளுவதற்கு வேண்டிய அறிவும் பொறுமையும் உடைய வாலிபர்களை உண்டாக்குவதே அது. இஃது ஒரு சாதிச் சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடையைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் ஆற்றைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

நம்மிற் பெரும்பாலோர் காவிரிப் பாசனத்தால் வாழும் குடும்பத்தார். ஆயினும் காவிரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மேட்டூரணையும், கல்லணையும், நம் ஊர் வாய்க்காலுமே. ஆறு அவ்வளவினதன்று. குடகு நாட்டுத் தலைக்காவிரியிற் பிறந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரருகே கடலிற் கலக்கும் இவ்வாற்றுக்கு மழைநீரை வடித்துக் கொடுக்கும் நிலப்பரப்பு முழுவதற்கும் வடிநிலம் என்று பெயர். காவிரியின் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டில் உள்ளது 43,868; கர்நாடகத்தில் 34,273; கேரளத்தில் 2,866; காரைக்காலில் 148. கபினி நதி கேரளத்து வயநாட்டில் தோன்றிக் கர்நாடகத்துட் புகுந்து காவிரியோடு கலக்கிறது. பவானியோ நீலகிரிப் பக்கத்தில் தோன்றிக் கேரளத்து அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்கே திரும்புகிறது. மனிதர் நட்ட எல்லைக்கல்லை ஆறு அறியாது.

மழையும் அவ்வாறே. ஆற்றின் மேற்பகுதிக்கு முக்கியமான மழை ஜூன் முதல் செப்டம்பர் வரையிற் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. கீழ்ப்பகுதியாகிய நமக்கு அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழையே பெரிது. ஜூன் 12-இல் மேட்டூரணையைத் திறப்பதென்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் அன்று திறக்க முடியுமா, திறந்தபின் குறுவைக்குக் கடைசிவரை தண்ணீர் வருமா என்பன, நாம் கண்ணாற் காணாத குடகு மலையிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையையும், நாம் முகமறியாத மாண்டியா விவசாயியின் வயல் நிலைமையையும் பொறுத்திருக்கின்றன. வாழ்வு இவ்வளவு பின்னிக் கிடக்க, அறிவு மட்டும் துண்டு துண்டாய்க் கிடக்கிறது. இதுவே இன்று நான் சொல்ல வந்த குறை.

இவ்வாற்றைப் பற்றிய வழக்கின் வரலாற்றை வாலிபர்கள் நன்கு அறிதல் வேண்டும். சென்னை இராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் 1892-இல் ஓர் உடன்படிக்கையும், 1924-இல் மற்றோர் உடன்படிக்கையும் ஏற்பட்டன. பின்னதன் வழியே மைசூருக்குக் கிருஷ்ணராஜசாகரமும் நமக்கு மேட்டூரணையும் வாய்த்தன. மேட்டூரணை 1934-இல் திறக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் சில ஷரத்துக்களை 50 ஆண்டு கழித்து மறுபடி ஆலோசிக்கலாமென்று 1924-இலேயே எழுதி வைத்தார்கள். அந்த 1974-ஆம் ஆண்டும் வந்தது. முடிவு மட்டும் வரவில்லை. அன்பர்களே! ஐம்பது ஆண்டு என்பது இரண்டு தலைமுறைக் காலம். இன்ன நாளில் இன்ன வேலை வரும் என்று அவ்வளவு முன்னதாகவே அறிவித்திருந்தும், அவ்வேலைக்கென்று இரு பக்கத்து வாலிபர்களையும் ஒருங்கே பழக்கி வைக்கவில்லையே! அவ்வாறு பழக்கியிருந்தால் வழக்கு முற்றிலும் நேர்ந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வழக்காடுவோர் ஒருவரையொருவர் அறிந்தவர்களாயிருந்திருப்பார்கள்.

பின்னர் 1990 ஜூன் 2-இல் நடுவர் மன்றம் அமைந்தது. அது 1991-இல் ஓர் இடைக்காலக் கட்டளையும், 16 ஆண்டுகளுக்கு மேல் விசாரித்து 2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பும் அளித்தது. ஆற்றின் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று அம்மன்றம் கணக்கிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கிட்டு, ஆற்றின் நலத்துக்கென 10-உம், தடுக்கவியலாமற் கடலுக்குச் செல்வதற்கென 4-உம் ஒதுக்கிற்று. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் இப்பங்கை மாற்றி, கர்நாடகத்துக்கு 284.75 என்றும் நமக்கு 404.25 என்றும் தீர்த்தது. எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஓராண்டில் நமக்கு வந்து சேரவேண்டிய நீர் 192-இலிருந்து 177.25 டி.எம்.சி.யாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும், அதன் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன.

ஆகவே பங்கு பிரித்தாயிற்று. பங்கைக் கண்காணிக்க அதிகாரிகளும் உண்டு. இன்னும் என்ன குறை என்று கேட்பீர்கள். நீதிமன்றம் பங்கிட்டது நல்ல ஆண்டின் நீரை. மழை பொய்த்த ஆண்டில் அவரவர் பங்கு அதே விகிதத்திற் குறையும் என்று தீர்ப்புச் சொல்லுகிறது. எழுத்தளவில் இது எளிது. ஆனால் எந்த வாரத்தில், எந்த அணையில், யாருடைய பயிர் வாடும்போது, எவ்வளவு குறைப்பது என்பதை வெறும் எழுத்து தீர்த்து வைக்காது. குறைவைப் பகிர்ந்துகொள்ளுதல் மனிதர் செய்யவேண்டிய காரியம். நிறைவைப் பகிர்வதற்குச் சட்டம் போதும். குறைவைப் பகிர்வதற்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கையோ பழக்கமின்றி உண்டாவதில்லை.

அது இல்லாதபோது என்ன நிகழும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 1991 டிசம்பரில், இடைக்காலக் கட்டளையை ஒட்டிப் பெங்களூரிலும் அதனைச் சுற்றியும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கைக்குழந்தைகளோடு ஊரை விட்டு வந்தனர். 2016 செப்டம்பரில் அந்நகரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிக்கப்பட்டன. நம் பக்கத்திலும் கர்நாடகத்தாரின் வண்டிகள் தாக்குண்டன. இவற்றால் ஒரு படி தண்ணீராவது யாருக்கேனும் மிகுதியாய்க் கிடைத்ததா? வீதியில் இறங்கியவர்களிற் பலர் வாலிபர்கள். ஆற்றின் பெயரால் கல்லெடுக்கக் கற்றுக்கொடுக்க நம் நாட்டில் ஆட்கள் பலருண்டு. ஆற்றின் கணக்கைக் கற்றுக்கொடுப்போர் எத்தனை பேர்?

இதற்கு மாறான முயற்சி ஒன்றும் நடந்திருக்கிறது. 2003-இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, இரு இராஜ்யத்து விவசாயிகளும் கூடி, ‘காவிரிக் குடும்பம்’ என்று ஒரு குழுவை அமைத்துக்கொண்டனர். நம்மவர் அங்கே போய் அணைகளையும் வயல்களையும் பார்த்தனர்; அவர்கள் இங்கே வந்து கடைமடை நிலங்களைப் பார்த்தனர். அக்குழுவால் முடிவான உடன்படிக்கை ஒன்றும் உண்டாகவில்லை. ஆயினும் பகைவர் என்று எண்ணியிருந்தவர் தம்மைப் போலவே கடன்பட்டுப் பயிரிடும் சம்சாரி என்பதை இரு திறத்தாரும் நேரிற் கண்டனர். இத்தகைய அறிவு காண்பவரோடே முடிந்துவிடலாகாது. முதியோர் பெற்ற பழக்கத்தை இளையோர் கையில் ஒப்புவிக்கும் ஏற்பாடு வேண்டும்.

வெளிநாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மீகாங் என்னும் பேராற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்னும் நான்கு தேசத்தாரும் 1995 ஏப்ரல் 5-இல் ஓர் உடன்படிக்கை செய்து, ஆற்றுக்கென ஓர் ஆணையத்தை ஏற்படுத்தினர். முன்னொரு காலத்தில் கொடிய யுத்தங்களிற் சிக்கிய நாடுகள் இவை. அவ்வாணையம் நான்கு தேசத்து இளம் அலுவலர்களையும் தன் காரியாலயத்துக்கு அழைத்து, ஒன்றாக வேலை செய்யவிட்டுப் பயிற்றும் திட்டமொன்றை நடத்திற்று. பயிற்சி பெற்றவர் தத்தம் நாட்டு வேலைக்குத் திரும்பிவிடுவர். பின்னர் ஒரு தகராறு வருமானால், எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு காலத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்து படித்தவர். இதனால் மீகாங்கின் துன்பமெல்லாம் தீர்ந்துவிடவில்லை. மேற்பகுதியிலுள்ள சீனம் அவ்வாணையத்தில் முழு அங்கத்தினராகவும் இல்லை. ஆயினும் தீக்குச்சிக்கு முன் ஒரு வார்த்தை பேசுவதற்கு இடம் இருக்கிறது.

நமக்கும் இவ்விஷயம் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஏரி வாரியத்துக்கு ஆளெடுக்கும் முறையைக் கூறுகின்றன. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் சென்றவரையும் அவருடைய உறவினரையும் விலக்கினார்கள். அண்மையில் பதவி வகித்தவர் மூன்றாண்டு கழிந்த பின்னரே மறுபடி வரலாம். பதவி ஒருவரிடமே தங்காது மாறி மாறி வரவேண்டுமென்றும், கணக்கே தகுதியின் உரைகல் என்றும் அவர்கள் கண்டது நமக்கு ஒரு பாடம். ஆனால் அந்தச் சபை பிராமணர் சபை. நிலமில்லாதவருக்கும், பெண்டிருக்கும், ஏனைக் குலத்தாருக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் முறையைக் கைக்கொள்ளுவோம். அவர்கள் வேலியைக் கைக்கொள்ள வேண்டுவதில்லை.

இனி, வாலிபர்களுக்கு எவற்றைப் பயிற்றுவது என்று கேட்டால், ஐந்து விஷயங்களைச் சொல்லுவேன்.

முதலாவது அளவை. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். 2023-இல் மழை குறைந்தபோது, விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் விடவேண்டுமென்று ஆணையம் கட்டளையிட்டது. அதற்காக அங்கே கடையடைப்பும் நடந்தது. அந்த நீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஏறத்தாழ ஆறரை டி.எம்.சி. மேட்டூரணையின் கொள்ளளவோ 93.47. இந்த விகிதத்தை அறிந்த வாலிபன் வெறும் கூச்சலுக்கு இரையாகான்; அதிகாரி தவறான கணக்குக் காட்டினாலும் ஏமாறான்.

இரண்டாவது, ஆற்றை முழுதும் காணுதல். தலைக்காவிரி முதற் கழிமுகம் வரை அணை, வாய்க்கால், காடு, நகரம் எல்லாவற்றையும் வாலிபர் நேரிற் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீரை மேலேற்றிக் குடிக்கும் பெங்களூரையும் அவர்கள் பார்க்கட்டும். கடல்நீர் உட்புகுந்து கிணறு உப்பாகிப்போன நம் கடைமடை ஊர்களையும் அங்கத்தியர் வந்து பார்க்கட்டும்.

மூன்றாவது, மொழி. கன்னடம் அறியாத தமிழனும், தமிழ் அறியாத கன்னடியனும் ஒருவரையொருவர் பத்திரிகைத் தலைப்பின் வழியாக மட்டுமே அறிவர். ஒரு வாலிபன் மாண்டியாப் பக்கத்தில் ஒரு போகம் தங்கிப் பேச்சுக் கன்னடம் கற்றுவருவானாயின், அவன் ஒருவனால் நூறு வதந்தி அடங்கும்.

நான்காவது, கணக்கும் சட்டமும். தீர்ப்புக்களை மூலத்திலேயே படித்துப் பழகவேண்டும். பாசன முறைகளை விவசாயிகளே நடத்துவதற்காக 2000-ஆம் ஆண்டுச் சட்டமொன்று நம் இராஜ்யத்தில் உண்டு. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அச்சட்டம் இடம் தருகிறது. அவற்றில் அமர்ந்து வரவு செலவு எழுதவும், கூட்டம் நடத்தவும், தீர்மானத்தைத் திருத்தமாய் வரையவும் தெரிந்தவர் வேண்டும். தலைமைக்கு முதற் பள்ளிக்கூடம் டில்லி அன்று. நம் ஊர் மதகடியே.

ஐந்தாவது, தன் பக்கத்துக் குறையைத் தானே காணும் நேர்மை. நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு ஆகாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச்சாலைகளை மூடச் சொல்லும் வரையிற் காரியம் முற்றிற்று. அது கர்நாடகம் செய்ததன்று. காவிரியின் கிளையில் நாமே செய்துகொண்டது. 2018 ஆகஸ்டு 22-இல் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. அவ்வணை 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பியது. தண்ணீர் வரவில்லையே என்று எல்லையை நோக்கிக் கொண்டிருந்த நாம், வந்த தண்ணீரைத் தாங்கும் மதகை நோக்கவில்லை. மேல்நாட்டாரிடம் நீதி கேட்பவன் தன் வீட்டையும் பெருக்கிவைத்துவிட்டுக் கேட்பானாயின், அவன் சொல் அம்பலம் ஏறும்.

இனி, முதலில் நிறுத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். இந்நிதியை யாருக்குக் கொடுப்பது? நம் குலத்து வாலிபருக்கு மட்டுமே என்று நம் விதிகள் கூறுகின்றன. வைத்தியத்துக்கும் சட்டத்துக்கும் அவ்விதி இருக்கட்டும். இவ்வொரு காரியத்துக்கு அது பொருந்தாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வாய்க்காலின் தலைமடையில் நம்மவர் நிலம் இருக்கலாம்; நடுவில் வேறொரு குலத்தார் நிலம்; கடைமடையில் மற்றொருவர் நிலம். நடவு நட்டுக் களை பறிப்பவரோ பெரும்பாலும் ஆதிதிராவிடத் தெருவிலுள்ள தாய்மார். தண்ணீர் பத்து நாள் தாமதமானால் நிலமுள்ளவனுக்கு நட்டம். நிலமில்லாதவளுக்கு அன்றாடக் கூலியே இல்லை. ஆற்றின் காரியத்தைப் பேசும் இடத்தில் அவளுடைய மகனோ மகளோ இல்லையானால், அந்தப் பேச்சு அரைப் பேச்சேயாகும். நம் வாலிபரை மட்டும் பழக்கினால், வாய்க்காலின் ஒரு மதகை மட்டும் செப்பனிட்டு மற்றவற்றை உடைந்தபடி விட்டவர்களாவோம். நம் ஊரிலேயே அடுத்த தெருவாரோடு கூடி அமர இயலாதவர், குடகிலும் மாண்டியாவிலும் உள்ளவரோடு எங்ஙனம் கூடி அமர்வார்?

முன்னோர் நம் குலத்துக்கென்று சேர்த்த பணத்தைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் வருந்திக் கேட்டார். அவ்வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அப்பணம் எங்கிருந்து வந்தது? நம் முன்னோரின் நெல்லிலிருந்து வந்தது. நெல் ஆற்றிலிருந்தும், பலர் உழைப்பிலிருந்தும் வந்தது. அதில் ஒரு சிறு பங்கு ஆற்றுக்கே திரும்புவது தருமத்துக்கு விரோதமாகுமா? இதனால் முதற் பயன் பெறுபவரும் நாமே. ஆறு கெட்டால் நம் குலத்துக்கென்று தனியாக ஓர் ஆறு கிடைக்கப்போவதில்லை.

இவ்வாறு பழகும் வாலிபர் நம் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுவர் என்று அஞ்சுவோரும் உண்டு. உரிமையை விட்டுக்கொடுக்கும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. 177.25 டி.எம்.சி. என்பது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. அதில் ஒரு துளியையும் நாம் கைவிட வேண்டுவதில்லை. அந்த உரிமையைக் கணக்கோடும் ஆதாரத்தோடும் எதிரியின் மொழியிலேயே எடுத்துரைக்க வல்லவன், முழக்கமிடுவோனை விட அதனை நன்கு காப்பான். அறிவினால் உரிமை தளர்வதில்லை, அறியாமையினாலேயே தளர்கிறது.

ஆதலின் நான் கேட்பது இவ்வளவே. ஆண்டுதோறும் ஐந்து வாலிபர். அவருள் இருவரேனும் பெண்கள். எக்குலத்தாராயினும் காவிரிப் பாசன ஊரினர். ஓராண்டுப் பயிற்சி, அதில் ஒரு போகம் கர்நாடகத்து ஊர் ஒன்றிற் தங்குதல். அங்குள்ள விவசாய சங்கத்தார் இசைந்தால், அவர்கள் பிள்ளைகள் ஐவரை நம் வீடுகளில் வைத்துக்கொள்ளுதல். பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டு நம் ஊர்களின் பாசன வேலையில் ஊழியம் செய்தல். ஒவ்வொருவரும் தாம் கண்டதையும், தமக்குச் செலவான பணத்தின் கணக்கையும் நம் மாதப் பத்திரிகையில் வெளியிடுதல். கணக்குக் காட்டாதவருக்கு உத்தரமேரூரார் செய்ததையே நாமும் செய்யலாம்.

அடுத்த பஞ்ச ஆண்டு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல இயலாது. வரும் என்பது மட்டும் உறுதி. அன்று எல்லைக்கு இரு புறத்திலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத்தக்க பத்துப் பேராவது இருக்கட்டும். இக்கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் வாலிபர்களே! உங்களைப் பற்றியே இதுவரை பேசினோம். உங்கள் அபிப்பிராயத்தையும் இன்று பிற்பகல் எழுந்து சொல்லுங்கள். பெரியோர்களே! விதியைத் திருத்தும் தீர்மானத்தைக் காரியதரிசி அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனைப் பட்சபாதமின்றி ஆலோசித்து நிறைவேற்றித் தரும்படி உங்களை வணக்கமாய் வேண்டிக்கொள்ளுகிறேன்.